தொண்ணூற்றைந்தில்

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்
கொட்டகைத் தரையில் பரப்பினான் விங்கோ.
உள்ளங்கை அகலத்தில் ஒரு வெற்றிட டப்பா,
மணிமணியாய்க் கோத்த சின்னச் சங்கிலி,
இரண்டு காந்தம், பன்னிரண்டு வயர்,
ஏழாம் பக்கம் தொலைந்துபோன செய்முறைத் தாள்.
"எவனோ வண்டியிலிருந்து கழற்றியது.
அவன் போன வேகம் இன்னும் இதுக்குள்ள இருக்கலாம்."

என் பேட்ரோல் எண்பத்தொன்பதாம் வருஷத்தது.
பாறையில் ஏறும், சேற்றில் முங்கி எழும்,
மணலில் உடம்பை நெளித்து வெளியே வரும்.
ஒரே சீராய்ப் போக மட்டும் அதற்குத் தெரியாது.

கூபர் பீடியில் பாதிப்பேர் மண்ணுக்கடியில் குடியிருக்கிறோம்.
வெயிலில் நிற்பது வண்டிகள்தான்.
இங்கிருந்து போர்ட் அகஸ்டா
ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர்,
பதினைந்து நாளைக்கொருமுறை.
எதற்கு இது என்று விங்கோ கேட்டான்.
கணுக்கால், என்றேன்.
உள்ளே தகடு இருக்கிறது, அதுவும் உண்மைதான்.

வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து
சுழல்தண்டைச் சுரண்டித் துடைத்து
காந்தங்களை ஒட்டினான்.
பசை இறுகும்வரை நான் டார்ச் பிடித்தேன்.
முப்பது வருஷச் செம்மண்
அவன் இமையில், என் காப்பியில்.
தீச்சுவரில் துளை, ரப்பர் வளையம்,
கிளட்சுக்கு ஒரு சுவிட்ச், பிரேக்குக்கு ஒரு வயர்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தால்
பொத்தானை அமுக்க அமுக்க ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டு மணிநேரம் குரோவேஷிய மொழியில் திட்டிவிட்டுக்
கடைசியில் கண்டுபிடித்தான்:
பின்னால் பிரேக் பல்பு இரண்டும் போயிருந்தன.
நிற்கப்போவதை ஊருக்குச் சொல்ல வழியில்லாத வண்டியை
அது ஓடவிடாதாம்.
எட்டு டாலர் பல்பு.

ஞாயிற்றுக்கிழமை, இருட்டோடு கிளம்பினேன்.
தொண்ணூற்றைந்தில் பொத்தானை அமுக்கிக் காலை எடுத்தேன்.
யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் மிதிப்பதுபோல்
பெடல் தானாகத் தாழ்ந்து நின்றது.
வேலை போன வலது காலை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கிளெண்டாம்போ தாண்டியபோதுதான் பார்த்தேன்,
அந்தக் கால்
வெறும் காற்றிலிருந்து மேலே எழுந்துகொண்டிருந்தது.
பிம்பாவில் மறுபடியும்.
உப்பு ஏரி வெள்ளையாய்த் தெரிந்தபோது மறுபடியும்.
இரண்டு வருஷமாய் நான் தாமதமாய்ப் போனது
தகட்டால் இல்லை.
கேட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்போதே
கால் மெல்ல மெல்லத் திரும்பிவிடப் பார்த்திருக்கிறது.
இந்தப் பழைய டப்பாவுக்கு அது தெரியாது.
தொண்ணூற்றைந்து என்றால் தொண்ணூற்றைந்து.

அப்புறம் செத்த கங்காருவின்மேல் ஒரு கழுகு.
தூக்க முடியாத கனத்தோடு எழப் பார்த்தது.
பிரேக்கைத் தொட்டேன், எல்லாம் அணைந்தது.
வண்டி தளர்ந்து தளர்ந்து ஐம்பதுக்கு வந்தது.
பொத்தான்களில் மூன்றாவது
விட்ட வேகத்தை நினைவில் வைத்திருப்பது.
விரலை அதன்மேல் வைத்தபடியே கொஞ்ச தூரம் போனேன்.
கழுகு கண்ணாடியில் திரும்ப இறங்கியது.
அமுக்கினேன்.

நாற்பது நிமிஷம் முன்னதாக வந்துவிட்டேன்.
"இன்னிக்கு நீங்கதான் முதல் ஆள்" என்றாள் காவலர்,
என் சாவியை வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டே.

கெல்வின் நாற்காலியில் உட்காரவேயில்லை.
"யார் கொண்டுவந்து விட்டா?"
குரூஸ் கண்ட்ரோல் போட்டிருக்கேன், என்றேன்.
அவன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.
"பேட்ரோல்லயா? வாக்யூம் எங்கேருந்து எடுத்தீங்க?
காந்தம் எத்தனை?"
ரெண்டு.
"நாலு ஒட்டணும்மா. ரெண்டுன்னா மேட்டுல திணறும்."

வழக்கைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
மேஜையில் விரலால் வரைந்து காட்டினான்,
தண்டு, சுருள், இடைவெளி பத்து மில்லிமீட்டர்.
மணி அடிக்கும்வரை வரைந்தான்.

திரும்பும் வழியில் பிம்பாவுக்கு முந்தைய மேட்டில்
அவன் சொன்னது சரியாய்த்தான் இருந்தது.
தொண்ணூற்றொன்று.
எண்பத்தெட்டு.
நான் காலை வைக்கவில்லை.