இடது காது

மலர்க்குழு கொடுத்த தாளில் ஐந்து கட்டம்.
பெயர்: நூகுக்கனி.
ஊர்: கீழக்கரை.
இடம்: சென்டர் ஹாஃப்.
ஆடிய காலம்: நாற்பத்தொன்பது முதல் ஐம்பத்தெட்டு,
சங்குக் குளி நீங்கலாக.
கோல்கள் என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

அடித்ததெல்லாம் நான்.
தொண்டிக்காரர்களுக்கு மட்டும் பதினொன்று.
கோப்பையோடு எடுத்த படத்தில் நடுவில் நிற்பவன் நான்.
ஓரத்தில், பாதி முகம்
சட்டத்துக்கு வெளியே போய்விட்டதே,
அந்த ஆள்தான் நூகு.

எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கம் கோடு,
நாலாவது பக்கம் கடல்.
வாடை அடிக்கிற மாதத்தில்
உயரத் தூக்கிய பந்து தண்ணீரில்தான் இறங்கும்.
நீந்திப் போய்க் கொண்டுவருவதற்குள்
தோல் உப்பைக் குடித்து
உரிக்காத தேங்காயாய்க் கனத்திருக்கும்.
தலையால் முட்டினவன்
இரண்டு நாள் சோறு மெல்ல மாட்டான்.
நூகு தரையோடு தள்ளுவான்,
காற்றுக்குத் தெரியாமல்.

பத்துப் பாகம் ஆழத்தில் ஒருநாள்
இடது காதுக்குள் பட்டென்றது.
மேலே வந்தபோது
மடிவலையில் ஆறு சங்கு,
கழுத்துவரை ரத்தம்.

அதற்கப்புறம்தான் அவன் ஆட்டமே.
"ஆளு வர்றான்" என்று இடப்பக்கம் கத்தினால் கேட்காது.
அதனால் பந்து வருமுன்பே திரும்பிப் பார்ப்பான்,
மறுபடி பார்ப்பான்,
கோழி மாதிரி.
கூட்டம் சிரிக்கும்.
இருபத்தொரு பேர் பந்தைப் பார்க்கிற நேரத்தில்
அவனுக்கு மைதானம் தெரிந்தது.

மதராஸில் ஒரு கம்பெனி அணி
பரீட்சைக்குக் கூப்பிட்டது.
கோச்சு இடப்பக்கம் நின்று கத்தினாராம்.
சொல் கேளாதவன் என்று எழுதி
ரயிலேற்றிவிட்டார்.
"கேளாதவன்தானே, சரியாத்தான் எழுதியிருக்காரு"
என்றபடி பஸ்ஸைவிட்டு இறங்கினான்.
அன்று வெள்ளிக்கிழமை.
அசருக்குப் பிறகு ஆடினான்.

கடைசி ஆட்டம், ஐம்பத்தெட்டு.
கீப்பர் விழுந்து கிடக்கிறான்.
கோல் வாய் திறந்திருக்கிறது.
நூகுவின் காலில் பந்து,
முன்னால் ஒருவரும் இல்லை.
திரும்பிப் பார்த்தான்,
எனக்குத் தள்ளினான்.
அடித்தேன். தூக்கிக்கொண்டு போனார்கள்,
என்னை.

கட்டத்தில் சுழி போட்டேன்.
தாள் நாளைக்கு அச்சுக்குப் போகிறது.

அன்றிரவு அலைவாய்க்கரையில் நடந்து வரும்போது
கேட்டேன்தான்:
"ஏன்டா நீயே அடிக்கல?"
பேசாமல் வந்தான்.
எந்தப் பக்கம் நடந்தேன் நான்?