பதினொன்று புள்ளி ஒன்று

திருடுகிறாய் என்றாள் மாபலேசா.
கல்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று
போர்வைக்குள் கைகளை மடித்துக்கொண்டு
கத்தாமல் சொன்னாள். அதுதான் குத்தியது.

பேனல் இருவருக்கும் பொது.
இரண்டு வீட்டு அங்கோரா ஆடுகளின் ரோமம்
ஒரே மூட்டையாய் தாபா-செக்காவுக்கு இறங்கி
பணமாகி, கண்ணாடிப் பலகையாகி
குதிரை முதுகில் மலையேறி வந்தது.
பாட்டரி, கணவாயில் கவிழ்ந்த வேனுடையது.
ஓட்டுநருக்குக் கால் போயிற்று,
பாட்டரியில் ஒரு கீறல் இல்லை.

என் கூரைக்கு வெயில் அதிகம் என்று
எல்லாவற்றையும் என் வீட்டில் வைத்தோம்.
அவள் வீடுவரை இருபத்திரண்டு மீட்டர்
கம்பி இழுத்தது நான்.
பழைய டெலிபோன் கம்பி,
சேமியா மொத்தம்,
சும்மா கிடைத்தது.

என் விளக்கடியில் ஊசிக்கு நூல் கோக்கலாம்.
அவள் விளக்கைத் தேடவே
ஒரு விளக்கு வேண்டும்.

மே, ஜூன், ஜூலை. பேச்சில்லை.
ஆகஸ்ட் காற்றில் ஒரு நாள்
ரேடியோ பழுது பார்க்கும் தெபெல்லோவிடம்
மீட்டரை இரவல் வாங்கி
அவள் வாசலில் போய் நின்றேன்.
உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சிவப்பைச் சிவப்பில் கறுப்பைக் கறுப்பில் வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
என் வீட்டில் எவ்வளவோ அவ்வளவே.
எண் எனக்காகச் சாட்சி சொன்னது.
அரை நொடி நான் நல்லவள்.

அவள் கை நீட்டி ஸ்விட்சைத் தட்டினாள்.
விளக்கு மஞ்சளாய் முனகியது.
எண் படியிறங்கியது:
பதினொன்று புள்ளி ஒன்று.

ஒன்றரை வோல்ட் எங்கே, மாநேயோ?

தேடிப் போனோம், ஆளுக்கொரு கையால்
கம்பியை உருவிக்கொண்டே.
கடித்த எலி இல்லை,
ஒட்டுப் பிரிந்த இடம் இல்லை.
மொத்தக் கம்பியும்
மீட்டருக்கு ஒரு கிள்ளாகத் தின்றிருந்தது.
போக இருபத்திரண்டு,
திரும்பி வர இருபத்திரண்டு.
போனது திரும்பியும் வரவேண்டும் என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏதும் ஓடாதபோது
கம்பி எதையும் எடுத்துக்கொள்வதில்லை.
அளந்து பார்த்தால் எல்லாம் முழுசாக இருக்கும்.
பேசாத மூன்று மாதமும்
எங்களுக்குள் அப்படித்தான்,
ஒரு குறையும் தெரியவில்லை.

தடித்த செம்புக் கம்பி நானூறு மலோட்டி.
பனி உருகட்டும், பார்க்கலாம் என்றாள்.
பார்ப்பது அவளா, நாங்களா
என்று கேட்கவில்லை.

அதுவரைக்கும் பாட்டரியை நகர்த்தினோம்,
இரண்டு வீட்டுக்கும் நட்டநடுவே.
விளக்கை முதலில் கழற்று, பிறகு பேனலை,
பாட்டரியைக் கடைசியில்.
பூட்டும்போது தலைகீழ்.
அவள் வரிசையைச் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.
ஒருமுறை பாட்டரியில் சிவப்பையும் கறுப்பையும்
மாற்றி வைத்துவிட்டேன்.
டப்பென்று ஃப்யூஸ் போனது,
எங்களில் யாரோ ஒருத்தி செய்யவேண்டிய வேலையை
இரண்டு ரூபாய் சாமான் செய்தது.
அவள் சிரித்தாள் என்று சொல்லமாட்டேன்.
மூக்கால் ஒரு சத்தம் வந்தது.

இப்போது இருவர் வீட்டிலும்
பன்னிரண்டுக்குச் சற்றுக் கீழே.
ஊசியில் நூல் கோக்க
நான் வாசலுக்கு வரவேண்டியிருக்கிறது.
அவளுக்கு, தன் குழந்தையின் முகம் தெரிகிறதாம்.
எனக்கு நட்டம்தான். பொய் சொல்வானேன்.

நட்டநடுவில் இருப்பது கழுதைக் கொட்டில்.
பாட்டரியைப் பார்த்துக்கொள்ள
அங்கேயும் ஒரு விளக்கு போடவேண்டி வந்தது,
ஒரு முழக் கம்பியில்.
இந்த மலையிலேயே குறையாத வெளிச்சம்
அதற்குத்தான்.
இரவெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
எங்கள் இருவரையும்
எரிச்சலோடு பார்க்கிறது.