எண்பது கிலோமீட்டர்

முதலில் அதற்குப் பெயரில்லை.
டிமோர் கடலில் தண்ணீர் முப்பது டிகிரி.
ஆவி எழுந்த இடத்தை நிரப்பக் காற்று வந்தது,
வந்த காற்றும் சூடாகி மேலே போனது,
அதன் இடத்துக்கு இன்னொன்று.
பூமி சுழல்கிற பாவத்துக்கு
எதுவும் நேராக வர முடியாமல் வளைந்தது.
கடலூர்ப் பக்கத்துப் புயலெல்லாம் இடஞ்சுழி,
இங்கே வலஞ்சுழி.
வலம்புரி என்று நானே சொல்லிச் சிரித்தேன்,
டெனீஸுக்கு விளங்கவில்லை.
செவ்வாய்க்கிழமை பெயர் வைத்தார்கள்: லியோனி.

போர்ட் ஹெட்லண்டில் கூண்டு ஏற்றுவதில்லை,
எல்லார் சட்டைப்பையிலும் ஒரே நேரத்தில் கைபேசி கத்துகிறது.
இரும்புத்தாதுக்குக் காத்திருந்த பதினேழு கப்பல்களையும்
ஆழ்கடலுக்கு விரட்டினார்கள்.
கப்பலுக்குக் கரை ஆபத்து,
எங்களுக்குக் கடல்.
தாது ரயில் செம்மண்ணில் நின்ற இடத்திலேயே நின்றது.
கடையில் ரொட்டி தீர்ந்தது,
பிறகு பேட்டரி,
பிறகு, ஏனோ, தேங்காய்ப்பால்.

வாரநாளில் நான் எலக்ட்ரீஷியன்.
ஆரஞ்சுச் சட்டை போட்டால் தொண்டர்.
வீடு வீடாய்த் தட்டினோம்.
டிராம்போலினைக் கட்டுங்கள்.
குளியல்தொட்டியில் தண்ணீர் பிடியுங்கள்.
வேண்டாத தகரம் வேண்டாதவர் கழுத்துக்குப் போகும், எடுத்து வையுங்கள்.
சொல்லிச் சொல்லி என் குரலே எனக்கு ஒலிபெருக்கியாய்க் கேட்டது.

கேரவனில் இருந்த ரஸ்ஸல் கதவைப் பாதி திறந்து
"முகாமில் நாய்க்கு இடமுண்டா?" என்றார்.
விதிப்படி இல்லை.
டெனீஸ் விதியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்,
படிவத்தில் எழுதினாள்:
பயணப்பை, ஒன்று.

பள்ளி விளையாட்டுக் கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பயணப்பை இரண்டு முறை குரைத்தது.
பத்து மணிக்குக் கூரை மூச்சு வாங்கத் தொடங்கியது.
நள்ளிரவில் மழை படுத்துக்கொண்டு பெய்தது.
கூடைப்பந்து வளையம் தானாக அதிர்ந்தது,
அதையே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு குழந்தை.
நான் காற்றழுத்தத்தைத் தாளில் குறித்தேன்.
991.
988.
988.
990.
ஏறுகிறதா? கண்ணாடியைத் தட்டினேன்.
992.

கிழக்கே எண்பது கிலோமீட்டர் தள்ளி
லியோனி கரையைக் கடந்தாள்.
ஆளில்லாத கரை என்றது வானொலி.
ஒரு மாட்டுப்பண்ணை, சாய்ந்த காற்றாடிகள்.
அந்தக் கரைக்கு ஙார்லா மொழியில் பெயருண்டு
என்றார் முகாமில் சூப் ஊற்றிய பெண்.
சொன்னார். இரண்டாம் முறைதான் எனக்கு வாய் வந்தது.

காலையில் எல்லாருக்கும் கோபம்.
இரண்டு நாள் சம்பளம் போச்சு,
மின்சாரம் நின்று ஃப்ரீசரில் இறால் போச்சு,
இதற்கா, இவ்வளவுக்கும் இதற்கா?
அடித்திருந்தால் எங்களைக் கட்டிப்பிடித்திருப்பார்கள்.
அடிக்காததற்கு என்னிடமும் பதில் இல்லை,
மன்னிப்புக் கேட்பவன்போல் நாற்காலிகளை அடுக்கினேன்.

சேதம் என்ற கட்டத்தில் டெனீஸ் கோடு போட்டாள்.
பயணப்பை உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.
அது வாலாட்டிக்கொண்டு போனது.

இன்று தெருவெங்கும்
டிராம்போலின் கயிற்றை அவிழ்க்கிறார்கள்.
ஒரு வீட்டில், முடிச்சு இறுகிவிட்டதென்று, கத்தியால் அறுக்கிறார்கள்.
டிமோர் கடல்,
முப்பத்தொன்று.