மூன்றா, எட்டா

கிரிக் மலைச்சாலையில் செத்தது வேன்,
"யானை கடக்கும் இடம்" என்ற பலகைக்கு நேர் கீழே.
இரவு முழுக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு
நானும் புஷ்பலீலாவும்
ஒரு பொட்டலம் முறுக்கைச் சத்தமில்லாமல் கடிக்கப் பார்த்தோம்.
யானை வரவில்லை.
விடிந்ததும் இழுவை லாரி வந்தது. எண்ணூறு வெள்ளி.

முப்பத்திரண்டு வயது வானெட்.
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றித் திரிந்த வண்டி.
பாதி என் பணம், பாதி அவள் பணம்.
பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டோம்,
ஒற்றை அடுப்பு, பூப்போட்ட திரை.
கரப்பான் வண்டியோடு வந்தது.
எஞ்சின் கிடப்பது எங்கள் இருக்கைக்கு அடியில்:
ஏற்றத்தில் தொடை பொரியும்,
மழைநாளில் அதுவே கணப்பு.

மூணு வழி இருக்கு அக்கா, என்றான் மெக்கானிக் குணாளன்.
பழசையே பிரித்து, துளை கடைந்து, பிஸ்டன் மாற்றலாம்.
நம்பர் மாறாது, ஆபீஸ் ஆபீஸாய் அலைய வேண்டாம்.
"ஆனா எலும்பு பழசுதானே."
டீசல் போடலாம். மாடு மாதிரி மலை ஏறும்,
உள்ளே ஆள் பேசுவது கேட்காது.
இல்லையென்றால் ஜப்பானில் பாதியாய் வெட்டி அனுப்பிய காடியிலிருந்து
ரெண்டாயிரம் சிசி ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம்.

சம்பளப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவள் நான்.
மூன்று இரவு கணக்குப் போட்டேன்.
லிட்டருக்கு இத்தனை, வருஷத்துக்கு இத்தனை,
அதைப் பத்தால் பெருக்கினேன்.
ஏன் பத்து என்று என்னையே நான் கேட்கவில்லை.

பிறையில் இருந்தது அந்தக் கிடங்கு.
முகம் மட்டும் உள்ள காடிகள் வரிசையாய்.
ஒன்றின் சாம்பல் கிண்ணத்தில் யாரோ விட்டுப்போன சில்லறை.
எண்ணெய்க் கறை படிந்த வெள்ளை நாய்
எங்களை மோந்து பார்த்தது,
வாங்க வந்தவர்கள் இல்லை என்று முடிவுகட்டிப் படுத்தது.

தவுக்கே அழுத்தமானியைத் திருகினார்.
நூற்றெழுபது. நூற்றெழுபத்தைந்து. நூற்றெழுபது.
நாலாவதில் நூற்றைம்பது.
இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க?
மலாயில்தான் கேட்டார்,
மீன்காரர் தலையும் வேணுமா என்று கேட்பதுபோல.

நான் வாயைத் திறக்குமுன்
லீலா சொன்னாள்: ரெண்டு.

பெர்த்தில் மகள் மாடி எடுத்துக் கட்டுகிறாள், தெரியும்.
ஜன்னல் எந்தத் திசை என்பதுவரை தெரியும்.
அந்த அறை யாருக்கு என்று
நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை.

ரெண்டு வருஷத்துக்கு இதுவே தாங்கும்,
முந்நூறு குறைத்தார் தவுக்கே.
பேட்டரியை மாட்டி முடுக்கினார்கள்.
சைலன்சர் இல்லாத எஞ்சின்.
தகரக் கூரை அதிர, நாய் எழுந்து ஓட,
லீலா என் பக்கம் குனிந்து எதையோ சொன்னாள்.
உதடு அசைந்ததுதான் தெரிந்தது.
தலையாட்டி வைத்தேன்.
எஞ்சின் நின்றபின் அவள் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

வேறொன்று காட்டுங்கள், என்றேன் நான்.
நாலும் ஒரே அளவாய் இருக்கட்டும்.
இருந்தது. எழுநூறு கூட.
அந்த எழுநூறு என் பங்கு என்றேன்.
அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்,
பர்ஸைத் திறந்து ஐம்பது ஐம்பதாக
முந்நூற்றைம்பதை எண்ணி என் நோட்டுகளின் மேல் வைத்தாள்.

பதிவுக்கு எஞ்சின் எண் வேண்டும்.
இரும்பின் மேல் தாளை அவள் பிடித்துக்கொள்ள
பென்சிலைச் சாய்த்து நான் தேய்த்தேன்.
கறுப்புக்குள்ளிருந்து ஒவ்வோர் எண்ணாய் எழுந்து வந்தது.
கடைசி எண்ணில் துரு.
"மூணு" என்றாள்.
"எட்டு" என்றேன்.
தாளை நகர்த்திவிட்டு
நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.