ஷரா

வாதி நகராட்சி.
பிரதிவாதி ஆஸ்பத்திரி.
இருவருக்கும் வயது நூற்றுச் சொச்சம்,
இருவரையும் பெற்றது ஒரே காகிதம்.
அதைத் தேடி எடுக்கச் சொல்லி
கிருஷ்ணகிரி தாலுகா ஆபீஸ் பதிவறைக்குள்
என்னை அனுப்பியிருக்கிறார்கள்
தும்மல் மாத்திரை ஒரு பட்டையோடு.

பசலி ஆயிரத்து முந்நூற்றிரண்டு.
கரையான் தின்றது போக மிச்சம்:
"மகாராணியாருக்குச் சொந்தமான சர்க்கார் தரிசு
பதினோரு ஏக்கர் நாற்பத்திரண்டு சென்ட்.
மேற்கே ஏழு ஏக்கர் ஊருக்கு.
கிழக்கே மீதி தர்ம ஆஸ்பத்திரிக்கு.
எல்லை, இரட்டைப் புளியமரம்.
சூரிய சந்திரர் உள்ளவரை."

சூரியனும் சந்திரனும்
சொன்னபடி இருக்கிறார்கள்.
புளியமரம்தான் இல்லை.
அது எங்கே நின்றது என்பதுதான் வழக்கு.
நடுவில் முப்பத்தாறு சென்ட்.
அதில் பதினெட்டுக் கடைகள்,
வரைபடத்தில் ஷட்டர்கூடப் போட்டாகிவிட்டது.

மகாராணியார் இந்தத் தரிசைப் பார்த்ததில்லை.
சையத் பாஷா மலையின் நிழல்
சாயங்காலம் எதுவரை வரும் என்று
அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
இருப்பதே தெரியாத ஒன்றைத்
தானம் கொடுப்பது சுலபம்.
அரக்கு முத்திரை மட்டும்
இன்னும் சிவப்பாக,
புண் ஆறிய பொருக்கு மாதிரி.

அளவுப் புத்தகமும் கிடைத்தது.
எழுதியது கர்ணம் வெங்கோபராவ்,
சங்கிலி இழுத்தது பீரான்.
மரங்களை எண்ணியிருக்கிறார்கள்:
புளி இரண்டு, வேம்பு ஒன்று,
இலந்தை கணக்கில் இல்லை.
பாறைகளை எண்ணியிருக்கிறார்கள்.
கிணறு ஒன்று, படிகள் பதினாலு.
கடைசிக் கலம் ஷரா,
அங்கே மட்டும் மை மாறியிருக்கிறது:

"மேற்படி தரிசில் திம்மக்கா என்பவள்
உத்தரவின்றி ராகி விதைத்திருக்கிறாள்.
பயிர் முழங்கால் உயரம்.
அறுத்துக்கொள்ள ஆறு வாரம் கேட்டாள்.
சங்கிலி பயிர்மேல் போயிற்று."

போயிற்று.
இழுத்தோம் என்று எழுதவில்லை.
சங்கிலி தானாக எழுந்து
நடந்து போனது போல.

நான் தேட வந்தது இது இல்லை.
ஆனாலும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு
ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.
முதல் வருஷத்து நோயாளிப் பதிவேடு
எக்ஸ்ரே அறைப் பரணில் இருந்தது,
அப்போதிக்கரி மரியநாயகத்தின் சாய்ந்த எழுத்தில்.

வரிசை எண் நாற்பத்தொன்று.
திம்மக்கா, பெண், சுமார் முப்பது.
நரம்புச் சிலந்தி, இடது கால்.
குச்சியில் சுற்றி எடுத்தது, ஒன்பது நாள்,
நீளம் ஒன்றேகால் முழம்.
(அவள் காலில் இருந்ததையும்
அளந்துதான் எழுதியிருக்கிறார்கள்.)
காரணம், படிக்கிணற்றுத் தண்ணீர்.
ஆகாரம், ராகிக் கஞ்சி, இருவேளை.
கட்டணம் இல்லை.
யார் விளைத்த ராகி என்று கேட்க
பதிவேட்டில் கலம் இல்லை.

என் மகளைக் கண்ணாடிவிரியன் கடித்தபோது
பிழைக்க வைத்ததும் இதே ஆஸ்பத்திரிதான்.
அதனால் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
ஒன்பது நாள் அவசரப்படாமல்
அறுந்துவிடாமல் சுற்றி எடுத்த கை
நல்ல கைதான்.

'ஊர்' என்ற கலத்தில்
எதையோ எழுதி, அடித்து,
மேலே மறுபடி எழுதியிருக்கிறார்:
"இதே இடம் என்கிறாள்."

அடித்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.
"இரட்டைப் புளிக்குக் கிழக்கே பத்தடி,
கிணற்றின் முதல் படிக்கு நேராகக் குடிசை."

கிணறு இருக்கிறது.
மூடிப்போட்டு மேலே ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்.
முதல் படியிலிருந்து ஒரு கோடு இழுத்தால்
புளியமரம் வந்துவிடும்.
நூற்று முப்பது வருஷமாக
இரண்டு தரப்புக்கும் தெரியாத எல்லையை
அவள் காய்ச்சலில் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தை நகலெடுத்து
சர்க்கார் வக்கீல் மேஜையில் வைத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
இரண்டு தரம் படித்தார்.
பிறகு கேட்டார்:

"இந்த அம்மாவுக்குப் பட்டா இருந்ததா?"