இணைப்பில் உள்ளவை

பழைய டப்பா. இரண்டு கொம்பில் ஒன்று ஒடிந்தது.
புது ஃபைபர் வந்த அன்று
பரணில் பித்தளை அண்டாவுக்குள் போனது.
காயலான்காரர் இருபது ரூபாய் சொன்னார்.
கொடுக்காமல் வைத்தது வெறும் சோம்பேறித்தனம்.

சொஹாரிலிருந்து புருஷோத் சொன்னான்:
வீட்டு வரி கட்டுகிற பக்கம் இங்கே திறக்கவில்லை,
ஊரிலிருந்து வருகிறவனுக்குத்தான் திறக்குமாம்.
அப்படியானால் ஊரிலிருந்தே வா என்றேன்.

விருதம்பட்டில் மே மாதம்.
உள்ளே இருக்கும் மென்பொருளை அழித்து
வேறொன்றை ஏற்றும் நான்கு நிமிடம்
கரண்ட் போகக்கூடாது.
போனால் கையில் மிஞ்சுவது செங்கல்.
மின்வாரியத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு வளர்மதியிடம்
இன்றைக்குக் கட் உண்டா என்று கேட்டுவிட்டு
சேலை ஊக்கால்
பின்பக்க ஓட்டையில் முப்பது எண்ணும்வரை அழுத்தினேன்.
ஏற்றினேன்.
விளக்குகள் எல்லாம் அணைந்தன.
ஒன்று மட்டும் ஆரஞ்சாக, நெடுநேரம்,
பெண் பார்த்துவிட்டுப் போய்
பதில் சொல்லாத வீட்டார் போல.
பிறகு பச்சை.

கோட்டைக்குள்ளிருந்து விரிஞ்சிபுரத்துக்குச்
சுரங்கம் ஓடுகிறது என்று
எங்கள் வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள்.
யாருடைய மாமாவோ பாதிவரை போனவர்.
பாலாற்று மணலுக்கு அடியில்
குதிரையே போகலாமாம்.
நான் தோண்டியதில் கட்டெறும்பு போகாது.
ஆனால் அவன் வந்தான்.
அந்த முனையில் ஒரு சாவி, இந்த முனையில் ஒரு சாவி,
நடுவில் கடல்,
கடலுக்குப் புரியாத பேச்சு.
வரி கட்டினான். ரசீதை
அங்கிருந்தே எங்கள் பிரிண்டரில் அடித்தான்.
நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்,
ஹாலில் காகிதம் தானாக வெளியே வந்தது.

ஆடியில் பேச்சு நின்றது.
சீட்டை எடுத்து
குடியாத்தத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்,
இவனைக் கேட்காமல்.
கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
முதல் தேதிக்குப் பணம் மட்டும் வந்தது,
குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு புள்ளியோடு.

சுரங்கத்தை மூடிவிடலாம் என்று ஒரு நாள்
டப்பாவின் பதிவேட்டைத் திறந்தேன்.
இரவு இரண்டு நாற்பது. புருஷோத்-போன். பதினோரு நிமிடம்.
முந்தின நாள் இரண்டு முப்பத்தெட்டு.
அதற்கு முந்தின நாளும்.
படம் பார்க்கவில்லை, எதையும் இறக்கவில்லை,
மொத்தமே ஒரு கைப்பிடி எழுத்து.
ஒரே ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறான்:
இப்போது இணைப்பில் உள்ளவை.
டிவி. பிரிண்டர். என் போன்.
ஷிஃப்ட் முடிந்து வந்து
வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று
பார்த்துவிட்டுப் போகிறான்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
கடைசியில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்:
ஆள் இல்லாத ஆஜர்.

சாவியை அழிக்கும் பொத்தானில்
விரல் வைத்து எடுத்துவிட்டேன்.
பதிலுக்கு என் போனின் பெயரை மாற்றினேன்.
இங்கிலீஷ் எழுத்தில்தான், இடைவெளி விடக்கூடாது:
தூங்கவில்லை.

மறுநாள் இரவு கரண்ட் போனது.
தெருவே வாசலுக்கு வந்து விசிறிக்கொண்டது.
கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸை இழுத்து வந்து
ஃபைபர் பெட்டிக்கும் ஒற்றைக் கொம்புக்கும் கொடுத்தேன்,
டேபிள் ஃபேனுக்குக் கொடுக்கவில்லை.
டிவி இல்லை, பிரிண்டர் இல்லை,
பட்டியலில் நான் மட்டும்.
இரண்டு நாற்பத்தொன்றுக்கு
எனக்குக் கீழே ஒரு வரி கூடியது.
அவன் போனுக்கும் புதுப் பெயர்:
தம்பி-கட்டினானா.

சிரித்துவிட்டேன். வேர்வை கண்ணுக்குள் போனது.
என் பெயரை மாற்ற முடியாது,
அது அப்போதும் உண்மையாகவே இருந்தது.
விடியற்காலை கரண்ட் வந்ததும்
முனகிக்கொண்டு எழுந்த பிரிண்டருக்கு வைத்தேன்:
இன்னும்-இல்லை.