பதினைந்து பொருட்கள்

கிளிநொச்சி, கனகபுரம் வீதி,
ஹோட்டல் மேல்மாடி. ஏசி பதினெட்டில்.
கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பெயர்
எழுத்துப் பிழையோடு.
தலைமைத்துவ விருத்தி, இரண்டு நாள்.
லீசிங் கொம்பனிகளின் கிளை முகாமையாளர் பதினொரு பேர்,
வவுனியாவிலிருந்து வணிக முகாமைத்துவ மாணவர் ஒன்பது பேர்,
பத்தரைக்கு ரோல்ஸும் நெஸ்கோப்பியும்.

முதல் சிலைட்:
'தலைவர் என்பவர் யார்?'
ரொஷாந்த் கேட்டுவிட்டுச் சிரித்தபடி நின்றார்.
கொழும்பிலிருந்து இரவு ரயிலில்
நித்திரையில்லாமல் வந்தவர், கெட்டவர் இல்லை.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஏசித் தண்ணீர் வாளிக்குள் சொட்டியது கேட்டது.
கூச்சப்படுகிறோம் என்று நினைத்து
அடுத்த சிலைட்டுக்குப் போனார்.

பிறகு விளையாட்டு.
'உங்கள் விமானம் காட்டில் விழுந்துவிட்டது.
மிஞ்சியது நீங்கள் ஐந்து பேர்,
பதினைந்து பொருட்கள்.
முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துங்கள். இருபது நிமிடம்.'

'விமானம் விழுந்தா நல்லம்தானே சேர்'
என்றான் புதுக்குடியிருப்புக் கிளை வதனரூபன்.
பின்வரிசை சிரித்தது.
ரொஷாந்துக்கு அது விளங்க இடமில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடி, திசைகாட்டி, சொக்லேட்,
தீப்பெட்டி, தறப்பாள்...
பதினோராவது, கைத்துப்பாக்கி ஒன்று, ஆறு ரவையோடு.
அந்த வரியை மட்டும் ஒருவரும் உரத்து வாசிக்கவில்லை.

எங்கள் குழு மாணவன் அபிராமன்
கறுப்பு மார்க்கரால் கட்டம் கீறத் தொடங்கினான்:
பயன், பாரம், நிகழ்தகவு.
அவன் மூன்றாம் கோட்டை இழுக்க முன்னம்
'தறப்பாள்' என்றாள் சுகிர்தமலர்.
ஏனென்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.
'கண்ணாடி முதலாவது அக்கா,
வெயிலில காட்டினா தூரத்துக்குத் தெரியும்,
காப்பாத்த வருவினம்.'
'ஆர் வருவினம்?'
கோபத்தில் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.
அவன் கண்ணாடியைப் பதினான்கில் எழுதினான்.

'மண்வெட்டி இல்லையோ சேர்?'
'பட்டியலில் சேர்க்க முடியாது, தம்பி.'
'சரி, சட்டி மூடியாவது?'

ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டோம்.
பக்கத்து மேசையில் இன்னும் வாக்குவாதம்.
'உங்கள் குழுவை யார் வழிநடத்தியது?'
நாங்கள் முகத்தை முகம் பார்த்தோம்.
'ஒருத்தரும் இல்லை சேர்.'
அதை அவர் ஒரு குறையாகக் குறித்துக்கொண்டார்.

நிபுணர்களின் விடையில் கண்ணாடி ஒன்று.
நாங்கள் எழுபத்திரண்டு புள்ளி விலகல், கடைசி இடம்.
'இந்தப் புள்ளிக்கு நீங்கள் தப்பியிருக்க மாட்டீர்கள்'
என்றார் பகிடியாக.
வதனரூபன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

தேநீர் நேரம் அபிராமன் என்னருகே வந்தான்.
'எனக்கு அப்ப ஏழு வயசு அக்கா. ஒண்டும் நினைவில்லை.
அம்மா சீனிச் சாக்கைத் தூக்கினவவாம்.
என்னை அண்ணா தூக்கினவனாம்.'
அண்ணாவைப் பற்றி நான் கேட்கவில்லை.
ரோல்ஸில் உறைப்பு கூட என்றான். ஓம் என்றேன்.

இரண்டாம் நாள்:
ஐந்து வருடத்தில் நீங்கள் எங்கே?
பிராந்திய முகாமையாளர் என்று எழுதினேன்.
பொய்யில்லை. எனக்கு அந்தக் கதிரை வேண்டும்,
அதன் வாகனமும் வேண்டும்.
சான்றிதழில் பெயரைத் திருத்தித் தந்தார்கள்.

திங்கட்கிழமை முத்தையன்கட்டுக்குப் போகவேண்டும்,
நாலு தவணை தப்பிய லான்ட்மாஸ்டரைப் பறிக்க.
அதற்கு ஒரு சிலைட்டும் இருக்கவில்லை.
வாசலில் அந்தப் பெண் நிற்பாள்,
நான் கோவையைத் திறந்து இலக்கம் வாசிப்பேன்.
மார்கழி மழை. இயந்திரத்தைத்
தறப்பாளால் மூடிக் கட்டியிருப்பார்கள்.
தறப்பாள் ஒப்பந்தத்தில் இல்லை.
அதை அவிழ்த்து, தண்ணீரை உதறி,
நாலாக மடித்து
அவள் கையில் கொடுக்கவேண்டும்.